முடக்குவாதத்துக்குப் பேனா ஊசி: முக்கூடல் அத்தை கையில் எப்படி இருக்கிறது?

மூட்டுகளைப் பிடிக்கும் முடக்குவாதத்துக்கு அடாலிமுமாப் என்ற ஊசி மருந்தை டாக்டர் எழுதிக் கொடுத்து, பேனாவா (பொத்தானைத் தட்டினால் தானே ஏறும் பேனா வடிவ ஊசி) சாதா சிரிஞ்சா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஊசி முக்கூடலில் இருக்கும் என் அத்தைக்கு. வருஷக்கணக்கில் பீடி சுற்றிய விரல்கள், இப்போது காலையில் டம்ளரைப் பிடிக்கவே திணறுகிறார்கள். 40 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. செலவு துபாயில் இருக்கும் மகன் பொறுப்பு.

டாக்டருக்குப் பிடித்தது டிரிப்தான். இதே நோய்க்கு டிரிப்பாக ஏற்றும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்து, முதல் மூன்று டோஸ் முடிந்தால் எட்டு வாரத்துக்கு ஒன்று, மருந்து அவர் கண் முன்னாலேயே ஏறும், ஒவ்வாமை வந்தாலும் உடனே பார்த்துக்கொள்ளலாம், வீட்டில் போட மறந்துவிட்டார்களோ என்ற சந்தேகமும் கிடையாது. நியாயம்தான். ஆனால் அத்தைக்குப் பாளையங்கோட்டை வரை பஸ், துணைக்கு ஓர் ஆள், இரண்டு மணி நேரம் படுக்கை, மொத்தத்தில் ஒரு நாள் போச்சு. "மாத்திரையா இருந்தா தாங்களேன் சார்" என்று கேட்டும் பார்த்தார்கள். டோஃபாசிடினிப் என்று மாத்திரை இருக்கிறதே, ஆனால் மாரடைப்பு, ரத்தக்கட்டு அபாயம் பற்றி 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கடுமையாக எச்சரித்திருக்கிறது, அறுபதைத் தாண்டியவருக்கு வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர். டிபி பரிசோதனை முடித்து, பேனாவுக்கு வந்தோம்.

நல்ல சாமான். ஊசி கண்ணிலேயே படாது. தொடையில் வைத்து அழுத்திப் பொத்தானைத் தட்டினால் டக்கென்று சத்தம் கேட்கும், சின்ன ஜன்னலில் நிறம் முழுக்க மாறும்வரை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த மூடிதான் எரிச்சல். வாதக்காரர்களுக்கென்று செய்த சாமானுக்கு இவ்வளவு இறுக்கமாகவா மூடி வைப்பார்கள்? அதை மட்டும் மதினி இழுத்துக் கொடுக்கிறார்கள். இன்னொன்று, சிரிஞ்சில் மெதுவாக ஏற்றலாம், பேனாவில் வேகம் நம் கையில் இல்லை. சுருக்கென்று எரியும், சிட்ரேட் என்ற உப்பு சேர்க்காத வகையைக் கேட்டு வாங்கினால் குறைவு. அரை மணி நேரம் முன்னால் ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்தாலும் உதவும், அவசரத்துக்கு வெந்நீரில் போடாதீர்கள்.

பெரிய தலைவலி 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருப்பதுதான். ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்துவிட்டால் அப்புறம் குப்பைதான். ஒரு மருந்துக்கடையில் சித்திரை வெயிலில் ஐஸ் பேக் இல்லாமல் வெறும் கவரில் போட்டு நீட்டினார்கள், வேண்டாம் என்று வந்துவிட்டேன். தெர்மாகோல் பெட்டியில் தரும் கடையாகப் பாருங்கள்.

ஐந்துக்கு நான்கு. கழித்த ஒன்று மூடிக்கு. போட்டு முடித்த பேனாவைக் குப்பையில் எறியாமல் கெட்டியான டப்பாவில் சேர்த்து, அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கொடுத்துவிடுங்கள்.