காளையின் கழுத்தை அளந்து நுகத்தடி செய்யும் தச்சுப் பட்டறை

வெள்ளகோவில் வட்டாரத்தில், கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு சிறிய தச்சுப் பட்டறையில், எங்கள் காங்கயம் எருதுகளுக்கு உழவுக்கு ஒன்றும் வண்டிக்கு ஒன்றுமாக இரண்டு நுகத்தடிகள் செய்து வாங்கினோம். ஒரு பருவத்து உழவு முடிந்து, சித்திரை வெயிலில் வண்டியும் பூட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

"மாட்டைக் கூட்டிட்டு வந்துருங்க, சீட்டுல எழுதுன அளவுக்கெல்லாம் நான் செதுக்கறதில்லீங்க" என்று ஆசாரி முதலிலேயே சொல்லிவிட்டார். வந்த எருதுகளைச் சமதரையில் நிறுத்தி, இழுக்கும்போது தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் பிடிக்கச் சொல்லி, திமிலுக்கு முன்னால் உள்ள பிடரியை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, அந்த வளைவை ஒரு தகரத் துண்டில் பதித்துக்கொண்டார். இந்தத் தகரம்தான் பட்டறையின் தனிச்சிறப்பு என்பேன். எருது தன் உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விசையோடு மணிக்கணக்கில் இழுக்கக்கூடியது. 450 கிலோ எடையுள்ள மாட்டுக்கு அது சுமார் 45 கிலோ. உருட்டுக் கட்டையாக இருக்கும் சந்தை நுகத்தில் அந்த விசை முழுவதும் விரற்கடை அகலமுள்ள ஒரு கோட்டில் விழுகிறது. கழுத்து வீங்குவதும் புண்ணாவதும் பெரும்பாலும் அங்கேதான். இவர் செதுக்கும் தடியிலோ கழுத்து படியும் இடம் அகலமாகவும் ஆழம் குறைந்தும் இருக்க, விளிம்புகள் முன்னும் பின்னும் மழுங்கலாக இழைக்கப்பட்டுள்ளன. கோணியோ சைக்கிள் டியூபோ சுற்றத் தேவையே இல்லை. (சுற்றுபவர்கள் கவனிக்க: வியர்வையில் நனைந்த கோணி மடிந்து, கட்டையைவிட மோசமாக அறுக்கும்.)

கழுத்தின் இருபுறமும் தடியில் செருகும் முளைக்குச்சிகளின் இடைவெளியையும் ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியாகவே துளையிட்டுத் தருகிறார். எங்கள் வலத்து மாடு வலுவானது. இடத்து மாடு இளையது. கலப்பையின் நீண்ட தண்டான ஏர்க்கால் பிணையும் நடுத்துளையை வலத்து மாட்டின் பக்கம் சற்றே தள்ளி வைத்ததால், இளைய மாட்டின் பக்கம் தடி நீண்டு, அதன் மீது விழும் பாரம் குறைந்தது. இரண்டும் ஒன்றாக அடியெடுத்து வைப்பது முதல் சாலிலேயே தெரிந்தது. சந்தை நுகத்தில் இளையது எப்போதும் பின்தங்கி, கலப்பையின் கொழு கோணலாக ஓடும்.

வண்டி நுகத்தைப் பற்றி அவ்வளவு மகிழ்ச்சியாக எழுத முடியவில்லை. உழவு நுகத்தை வாகையில் செய்தவர் இதைக் கருவேலத்தில் செய்திருக்கிறார். உடையாது என்பது உறுதி, ஆனால் சுமை ஏற்றும் முன்பே கழுத்தில் கனக்கிறது. வண்டியில் பாரம் அச்சுக்கு முன்னால் கூடினால் நுகம் கழுத்தை அமுக்கும், பின்னால் கூடினால் நுகம் மேலே எழும்பி, கழுத்தை நுகத்தோடு பிணைக்கும் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். இதைப் பிரித்துச் சொல்லும் ஆசாரி, தடியின் எடையை மட்டும் ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது விளங்கவில்லை. வண்டிக்கும் வாகையையே கேட்டு வாங்குவது நல்லது.

உடன் தரும் நைலான் பூட்டாங்கயிற்றையும் மாற்றிவிட வேண்டும். அது நனைந்தாலும் இறுகாது என்று அவர் சொல்லும் காரணம் சரியே. ஆனால் உராயும்போது சூடேறித் தொண்டைப் பக்கத்து முடியை உதிர்த்துவிடுகிறது. நாங்கள் பருத்திக் கயிறு போட்டு, கயிற்றுக்கும் கழுத்துக்கும் இடையே உள்ளங்கை தடையின்றி நுழையும் அளவுக்குத் தளர்த்திக் கட்டுகிறோம்.

விலை சந்தை நுகத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதில் மறுபடி செதுக்கித் தருவதும் அடக்கம்: புது நுகத்தில் முதல் சில நாட்கள் காலையில் மட்டும் பூட்டி, அவிழ்த்ததும் பிடரியில் கைவைத்துப் பார்த்து, ஓரிடத்தில் மட்டும் சூடோ தடிப்போ தெரிந்தால் தடியையும் மாட்டையும் கொண்டுவரச் சொல்கிறார். இடத்து மாட்டுக்கு அப்படி ஒரு தடிப்பு தெரிந்து போனபோது, முடி ஒட்டி மினுமினுத்த இடத்தைப் பார்த்தே எங்கே மேடு என்று கண்டுபிடித்து, இழைத்து, விளக்கெண்ணெய் தேய்த்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. சொன்ன தேதியில் தடி கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஆடிப்பட்டத்துக்கு வேண்டுமென்றால் வைகாசியிலேயே மாடுகளை ஓட்டிப் போய்விடுங்கள். ஒற்றை மாட்டு வண்டி வேலை எதையும் அவர் எடுப்பதில்லை.