லுவாரின் அரண்மனைகளா, ரைனின் கோட்டைகளா?

ஆற்றங்கரையில் ஒரு வாரம் தங்கிப் பழைய கோட்டைகளையும் ஊர்களையும் பார்க்க ஐரோப்பா செல்பவர்களில் பலர், பிரான்சின் லுவாரா, ஜெர்மனியின் ரைனா என்று தடுமாறுவதுண்டு. இரண்டும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் உள்ளவை. ஆனால் லுவாரில் நாம் பெரும்பாலும் காண்பவை அரண்மனைகள்; ரைனில் காண்பவை கோட்டைகள். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டே பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

உள்ளே நுழைந்து அறை அறையாகப் பார்க்க விரும்புவோருக்கு லுவாருக்கு நிகரில்லை. பிரான்சின் மன்னர் முதலாம் பிரான்சுவா 1519-இல் கட்டத் தொடங்கிய ஷாம்போரில், ஒன்றையொன்று தழுவிச் சுழலும் இரட்டைப் படிக்கட்டு உண்டு. ஒன்றில் ஏறுபவரும் மற்றொன்றில் இறங்குபவரும் நடுவிலுள்ள திறப்புகளின் வழியே ஒருவரையொருவர் பார்க்கலாமே தவிர, எதிரெதிரே சந்திப்பதில்லை. ஷெனோன்சோவின் நீண்ட கூடம் ஆற்றின் மீதே பாலம்போல் நிற்கிறது; முதல் உலகப் போரில் அது காயமுற்ற வீரர்களின் மருத்துவமனையாக இருந்தது. ஆயினும் ஷாம்போர் லுவார்க் கரையில் இல்லை; ஷெனோன்சோ நிற்பதும் செர் என்னும் துணையாற்றில்தான். கார் அல்லது மிதிவண்டி இல்லாதவர்கள் இங்கே அலைச்சலுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ரைனில் ஆறுதான் பாதை. பிங்கன் முதல் கோப்லென்ஸ் வரையிலான ஏறத்தாழ 65 கிலோமீட்டரில் நாற்பது கோட்டைகள் வரை இருக்கின்றன. படகின் மேல்தளத்தில் அமர்ந்தாலே ஒன்று மறையுமுன் அடுத்தது தோன்றும். இத்தனை கோட்டைகள் எழுந்ததற்குச் சுங்கம் ஒரு முக்கியக் காரணம். காவுப் ஊருக்கு எதிரே, ஆற்றின் நடுப் பாறையில் கப்பல்போல் நிற்கும் பிஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன், 14-ஆம் நூற்றாண்டில் வணிகப் படகுகளை மறித்து வரி வாங்குவதற்கென்றே எழுந்தது. பல கோட்டைகள் பிரெஞ்சுப் படைகளால் தகர்க்கப்பட்டு இடிபாடுகளாகவோ, 19-ஆம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டவையாகவோ நிற்க, மலைக்கோட்டைகளில் பிராவ்பாக் ஊருக்கு மேலுள்ள மார்க்ஸ்பர்க் மட்டும் அழிவுக்குத் தப்பியது. குதிரைகள் ஏறுவதற்காகப் பாறையில் செதுக்கிய அதன் அகலப் படிகளில் கால் வைக்கும்போது கிடைக்கும் நெருக்கத்தை, ஷாம்போரின் பளபளப்பில் நான் உணரவில்லை.

ஊர்களிலும் என் மனம் ரைன் பக்கமே சாய்கிறது. மரச்சட்ட வீடுகளும் திராட்சைச் சரிவுகளும் சூழ்ந்த பாகராக்கில் தங்கினால், இரு கரைகளிலும் ஓடும் ரயில்களைக் கொண்டே எல்லா ஊர்களுக்கும் போய்வரலாம். கோப்லென்சுக்கும் பிங்கனுக்கும் இடையில் பாலமே இல்லாததால், அக்கரைக்குப் படகில்தான் கடக்க வேண்டும். கடைசிப் படகின் நேரத்தை முன்பே கேட்டுவைப்பது நல்லது. சரக்கு ரயில்கள் இரவிலும் ஓடுவதால், தண்டவாளத்தை ஒட்டிய அறையைத் தவிர்த்து, மலைமேல் இளைஞர் விடுதியாக இயங்கும் ஸ்டாலெக் கோட்டையில் இடம் கேட்டுப் பாருங்கள்.