பழைய டாங்கிள் வாங்கப் போய் 18,500 ரூபாயைப் பறிகொடுத்தேன்

மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. ஒரு டாங்கிளுக்காக, அதாவது சாப்ட்வேர் திறக்கக் கம்ப்யூட்டரில் செருக வேண்டிய சின்னச் சாவிக்காக, 18,500 ரூபாய் போச்சு. என்னை மாதிரி இன்னும் பழைய சாப்ட்வேரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

மார்த்தாண்டம் பக்கத்தில் வீட்டு மாடியில் சின்னதாக ரெக்கார்டிங் ரூம் வைத்திருக்கிறேன். சர்ச் பாட்டு, கோயில் கொடைத் திருவிழா சீசனில் வில்லுப்பாட்டு, இவைதான் வேலை. 2002 தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் லாஜிக் பிளாட்டினம் என்ற ரெக்கார்டிங் சாப்ட்வேர் வாங்கினேன், விண்டோஸில் ஓடுவது. அதே வருஷம் ஜூலையில் அதைத் தயாரித்த எமாஜிக் கம்பெனியை ஆப்பிள் வாங்கியது, செப்டம்பர் 30-ஓடு விண்டோஸ் பதிப்பு நின்றது. கடைசியாக வந்தது 5.5.1. நான் விடவில்லை. எக்ஸ்பி போட்ட கம்ப்யூட்டருக்கு நெட் இணைப்பே கொடுக்காமல் இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். "மேக் வாங்கும் ஓய்" என்று கூட்டாளிகள் சொல்லாத நாள் இல்லை. மேக்கில் பழைய பாட்டுக் கோப்பு திறக்கும், ஆனால் சத்தத்தை மெருகேற்ற நான் சேர்த்திருந்த விண்டோஸ் விஎஸ்டி பிளகின் (துணை சாப்ட்வேர்) ஒன்றுகூட அங்கே வராது, என் மிக்ஸில் பாதி அதில்தான். 2017 நவம்பரில் சோனார் என்ற ரெக்கார்டிங் சாப்ட்வேரைத் தயாரித்த கேக்வாக்கை அதன் உரிமையாளரான கிப்சன் கம்பெனி நிறுத்தியபோது சோனாரில் வேலை செய்தவர்களும் இப்படித்தான் தவித்தார்கள், ஆனால் அடுத்த பிப்ரவரியிலேயே பேண்ட்லேப் என்ற கம்பெனி அதை வாங்கி, பிறகு இலவசமாகவே கொடுத்தது. எங்களுக்கு அப்படி யாரும் வரவில்லை.

போன மாதம் மேசையை நகர்த்தும்போது டாங்கிளின் முனை ஒடிந்துவிட்டது. அது செருகாமல் சாப்ட்வேர் திறக்காது. நாகர்கோவிலில் ஒருவர் சால்டர் வைத்துப் பார்த்தார், உயிர் வரவில்லை. அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளே 2004-ல் பதிந்த ஒரு வில்லுப்பாட்டு, இரண்டு ராத்திரிக் கதை. அதில் குடம் அடித்தவர் இப்போது இல்லை. பதிந்த ஒலித் துண்டுகள், வேவ் கோப்புகள், கையில் இருக்கின்றன, ஆனால் எந்தத் துண்டு எங்கே வரும், எப்படி மிக்ஸ் செய்தேன் என்பது லாஜிக்கின் எல்எஸ்ஓ என்ற பாட்டுக் கோப்புக்குத்தானே தெரியும்? அதை மேக்கில் திறந்தாலும் பிளகின் இல்லாமல் என் மிக்ஸ் வராது. அவர் பேரன் அந்தப் பதிவை வரும் கொடைக்குள் கேட்டிருந்தான், நானும் சரி என்று சொல்லியிருந்தேன்.

பழைய பொருள் வாங்கி விற்கும் ஒரு ஆப்பில் இதே டாங்கிள் விலைக்கு வந்தது. போன் போட்டேன். அந்த ஆள் சாப்ட்வேர் பெயரைச் சரியாகச் சொன்னான், வீடியோ அனுப்பினான், அதில் டாங்கிள் செருகியதும் 5.5.1 அழகாகத் திறந்தது. வில்லுப்பாட்டு என்றதும், "அண்ணா, எங்க தாத்தாவும் உடுக்கு அடிச்சவரு, உங்களுக்காகத்தான் இந்த விலை" என்றான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். ஆப்பில் கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள், நேராக அனுப்புங்கள் என்றான், அனுப்பினேன். 18,500 ரூபாய், ஒரே தடவையில்.

வந்தது வேறு ஏதோ சாப்ட்வேரின் டாங்கிள். செருகினால் விண்டோஸே வேறு பெயர் காட்டுகிறது. கேட்டால் டிரைவர் போடுங்க அண்ணா என்றான், மறுநாள் பார்மட் பண்ணிப் பாருங்க என்றான், அப்புறம் கொரியரில் மாறியிருக்கும் என்றான், அப்புறம் பிளாக். ஆப்பின் கஸ்டமர் கேரோ, பணம் எங்கள் வழியாக வரவில்லை என்று ஒரே வரியில் புகாரை மூடிவிட்டார்கள். பேங்கில், "நீங்கதானே அனுப்புனீங்க சார்" என்கிறார்கள். நான்தான் அனுப்பினேன், ஏமாற்றினவன் அவன் இல்லையா? 18,500 ரூபாய் எனக்கு இரண்டு மாத வருமானம்!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய வீடியோவை நம்பாதீர்கள், நேரடி வீடியோ காலில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். ஆப்புக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்தால் அன்றைக்கே சைபர் மோசடி புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், நான் அவன் பேச்சைக் கேட்டு நாலு நாள் வீணாக்கினேன். முக்கியமாக, உங்கள் டாங்கிள் இன்று வேலை செய்கிறதென்றால், இன்றைக்கே ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே (முதல் பார்) தனித்தனி வேவாக எடுத்து வேறு டிஸ்கில் போடுங்கள்.

அந்தப் பேரன் இன்று காலையும் கூப்பிட்டான். எடுக்கவில்லை.