இன்றைய விலைக்கு ஆர்எக்ஸ் 100: மதுரைச் சாலைகளில் ஓட்டிப் பார்த்த பின் ஒரு மதிப்பீடு

மதுரையில் இன்று ஓடும் நிலையிலுள்ள யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றுக்கு விலை கேட்டால், ஒரு லட்சத்துக்குக் கீழே பேச்சைத் தொடங்குகிறவர்கள் குறைவு. புதிதாகப் பெயிண்ட் அடித்து, குரோம் பூசி, புது டயர் மாட்டி நிறுத்தியிருந்தால் ஒன்றரை லட்சம் என்று தயங்காமல் சொல்கிறார்கள். அந்தப் பணத்துக்கு ஷோரூமில் புத்தம் புதிய 125 சிசி வண்டியே கிடைக்கும். முப்பது வயதைக் கடந்த, 98 சிசி மட்டுமே கொண்ட ஒரு வண்டிக்கு இவ்வளவு கொடுப்பது தகுமா என்பதே இந்த மதிப்பீட்டின் பொருள். நான் ஓட்டிக்கொண்டிருப்பது 1993இல் பதிவான, டிஎன் 59 எண் கொண்ட கறுப்பு வண்டி. கொடுத்த விலை 1,15,000 ரூபாய். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொழிற்சாலையில் இன்ஜினிலும் சேஸிலும், அதாவது வண்டியின் உடற்சட்டத்திலும், குத்திய எண்கள் பிறந்தபடியே இருந்து ஆர்சி புத்தகத்தோடு பொருந்தியிருந்தால் இந்த விலை தகும்; பொருந்தாவிட்டால், வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பாதி விலைகூட அதிகம்.

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவுடன் சேர்ந்து 1985இல் இந்த வண்டியைக் கொண்டுவந்தது. சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மில்லிமீட்டர். ஏறத்தாழ நூறு கிலோ எடையை 11 குதிரைத்திறன் இழுக்கிறது. அதே காலத்தில் மதுரையில் வேர்கொண்ட டிவிஎஸ் குழுமம் ஓசூரில் இண்ட்-சுசுகி வண்டிகளைச் செய்துகொண்டிருந்தது. ஹீரோ ஹோண்டாவின் நான்கு ஸ்ட்ரோக் சிடி 100, மைலேஜ் கணக்குப் பார்ப்பவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஆர்எக்ஸ் 100ஐத் தேடிப் போனவர்கள் வேகத்துக்காகப் போனார்கள். அன்று கல்லூரி வாசலில் இதைப் பார்த்து ஏங்கி, வாங்க வசதியில்லாமல் இருந்தவர்கள்தாம் இன்று ஐம்பது வயதில் கையில் பணத்தோடு நிற்கிறார்கள். விலையேற்றத்தின் முதற்காரணம் அதுவே என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது காரணம், இனி இப்படியொரு வண்டி வரப்போவதில்லை என்பது. ஆர்எக்ஸில் இருப்பது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். அதில் உள்ளே வரும் பெட்ரோல் கலவையின் ஒரு பகுதி எரியாமலேயே சைலன்சர் வழியே வெளியேறிவிடும். எண்ணெயும் சேர்ந்தே எரிவதால் புகையும் அதிகம். மாசு விதிகள் இறுகியபோது 1996இல் ஆர்எக்ஸ் 100இன் உற்பத்தி நின்றது. கார் உலகில் இதற்கு நேரான கதை போர்ஷே 911. 1964 முதல் பின்பக்கத்தில் ஆறு சிலிண்டர் இன்ஜினை வைத்து, தண்ணீரும் ரேடியேட்டரும் இல்லாமல், காற்றாடியும் எண்ணெயும் கொண்டே குளிர்வித்து வந்த அந்தக் கார், புகை விதிகளும் ஒலி விதிகளும் நெருக்கியதால் 1998இல் 993 என்ற மாடலோடு அந்த முறையைக் கைவிட்டது. அதற்குப் பின் வந்த தண்ணீர்க் குளிர்விப்பு மாடலைவிட, பழைய காற்றுக் குளிர்விப்பு மாடல்களே இன்று பல மடங்கு விலை போகின்றன. அங்கும் வாங்குபவர்கள் முதலில் கேட்பது, தொழிற்சாலையில் எந்த எண்ணுள்ள இன்ஜின் பூட்டப்பட்டதோ அதுவே இன்னும் இருக்கிறதா என்பதைத்தான். 911இன் விலைப்பட்டியலைப் பார்த்து மலைப்பவர்கள்கூட நம் ஊர் ஆர்எக்ஸ் விஷயத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டுத்தாவணி, கோரிப்பாளையம் நெரிசலில் இந்த வண்டி எடை குறைவாலும் ஒல்லியான உடலாலும் எளிதாகப் புகுந்து வருகிறது. கிளட்ச் இறுகி விரல் வலிப்பதில்லை. ஆனால் ஆர்எக்ஸை உண்மையாகச் சோதிக்க வேண்டுமானால் தேனிச் சாலையில், உசிலம்பட்டியைத் தாண்டிய பின் வரும் ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கொண்டுபோக வேண்டும். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கிராங்க் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் வெடிக்கிறது. நான்கு ஸ்ட்ரோக்கைப் போல இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அன்று. அந்தச் சூட்டையெல்லாம் வெளியே தள்ள 911இல் உள்ளதைப் போன்ற காற்றாடிகூட இங்கே இல்லை. சிலிண்டரைச் சுற்றியுள்ள அலுமினியத் தகடுகளும், வண்டி ஓடும்போது எதிரே வரும் காற்றும் மட்டுமே. சித்திரை மாத உச்சி வெயிலில், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றத்தில் போனபோது, மூன்றாம் கியரிலேயே திணறாமல் இழுத்தது. வளைவில் வேகம் குறைந்து மீண்டும் திருகியதும், ரீட் வால்வ் (உள்ளே வந்த கலவையைத் திரும்பிப் போகவிடாத மெல்லிய தகடு) உள்ள இன்ஜினுக்கே உரிய அந்தத் துடிப்பு உடனே வந்தது. மேலே நிறுத்தி, சூடு சற்று ஆறிய பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது; வெளுத்தும் இல்லை, கரி பிடித்து எண்ணெய் வழியவும் இல்லை. பெட்ரோல், காற்று, எண்ணெய் மூன்றும் சரியான அளவில் போகின்றன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இறக்கத்தில் வேறு கவனம் வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுக்க மூடிக்கொண்டு நெடுந்தூரம் இறங்கினால், வேகமாக ஏறி இறங்கும் பிஸ்டனுக்குப் போகும் எண்ணெய் குறைந்துவிடும் என்பதால், இடையிடையே சிறிது திருகிவிட வேண்டும். ஆக்சிலரேட்டரை மூடும்போது இன்ஜினே வண்டியின் வேகத்தை இழுத்துப் பிடிப்பதும் டூ ஸ்ட்ரோக்கில் குறைவு. எனவே சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழுகிறது. முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். நத்தம் சாலை மேம்பாலத்தில் மற்ற வண்டிகள் டிஸ்க் பிரேக்கோடு பறக்கும்போது, அவர்களின் வாலைப் பிடித்தபடி இதை ஓட்டுவது ஆபத்து. ஹெட்லைட் இன்றைய சாலைக்குப் போதாது; இரவில் வெளியூர் போவதை நான் தவிர்த்துவிட்டேன். மைலேஜ் லிட்டருக்கு 35 கிலோமீட்டரை ஒட்டியே இருக்கிறது.

இந்த வண்டியை வாங்கும் முன் பார்த்தவற்றுள் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். நகருக்குள் பழைய வண்டிகளைப் புதுப்பித்து விற்கும் ஒருவர், கண்ணைப் பறிக்கும் சிவப்பு வண்டியை ஒன்றரை லட்சத்துக்குக் காட்டினார். ஹாண்டில் கழுத்தில் உள்ள சேஸ் எண்ணைத் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தால், எண்களைச் சுற்றிய உலோகம் அரம் போட்டுத் தேய்க்கப்பட்டு, மேலே தடித்த பெயிண்ட் நிரம்பியிருந்தது. எண்களின் ஆழமும் ஒரே மாதிரி இல்லை. கேட்டதற்கு, "பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். அப்படி இருக்காது. தொழிற்சாலையில் குத்திய எண் துருப்பிடிக்கலாம். மேடு பள்ளமாக மாறாது. இத்தகைய வண்டியை வாங்குகிறவர் வண்டியை மட்டுமன்றி, ஒரு நாள் வரப்போகும் வழக்கையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுவருகிறார். ஆசையை மூலதனமாக்கி இப்படி விற்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

என் வண்டி திருமங்கலத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் இருந்தது. டேங்கில் பெயிண்ட் மங்கியிருந்தது, பக்கத் தகட்டில் கீறல், சீட்டு கிழிசல். ஆனால் எண்கள் இரண்டும் ஆர்சியோடு ஒத்திருந்தன. இன்ஜினுக்கு எண்ணெயைத் தானே அளந்து ஊட்டும் ஆயில் பம்ப் கழற்றப்படாமல் வேலை செய்தது. பல பட்டறைகளில் பம்பை எடுத்துவிட்டுப் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றச் சொல்லும் பழக்கம் உண்டு என்பதால், இதுவே பெரிய விஷயம். சிலிண்டர் ஒரே ஒரு முறை, 0.25 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் போர் செய்யப்பட்டிருந்தது, அதாவது தேய்ந்த உட்சுவர் கடைந்து அகலமாக்கப்பட்டிருந்தது. ஒரு மில்லிமீட்டர் வரை போர் செய்து தீர்த்துவிட்ட சிலிண்டரை வாங்குகிறவர், அடுத்த முறை தரமான சிலிண்டரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். டூப்ளிகேட் சிலிண்டர்களும் கார்புரேட்டர்களும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன, ஆனால் ஒரிஜினலின் இழுவை அவற்றில் வருவதில்லை. மங்கிய பெயிண்ட்டை நான் மாற்றப்போவதில்லை.

வண்டி பிறந்தபடியே இருக்க வேண்டும் என்பதையே அரசு விதிகளும் வலியுறுத்துகின்றன. 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி 50 ஆண்டு கடந்த வாகனமே அந்தத் தகுதியைப் பெறும். சேஸிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆர்எக்ஸ் 100களில் மிக மூத்ததற்கே அந்த வயது 2035இல்தான் வரும். அதுவரை மற்ற பழைய வண்டிகளைப் போலவே ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு கடந்த இருசக்கர வாகனத்துக்கு அதற்கான கட்டணம் 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 2,000 ரூபாய். பெட்ரோல் நிலையங்களில் இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. கார்புரேட்டரின் பழைய ரப்பர் பாகங்களுக்கும் ஆகாது. வாரக்கணக்கில் நிறுத்திவைப்பதானால் கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டே நிறுத்த வேண்டும்.

இன்சூரன்ஸ் பற்றியும் பேசிவிட்டே விலை பேசுங்கள். ஐந்து ஆண்டு கடந்த வண்டியின் மதிப்பு, நிறுவனமும் உரிமையாளரும் ஒப்புக்கொள்ளும் தொகையே. சந்தை விலையை அவர்கள் தாமாக ஏற்க மாட்டார்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால், வண்டி திருடுபோகும் நாளில் ஒரு ரூபாயும் வராது. எனக்குக் கிடைத்ததும் அது மட்டுமே என்பதால், வீட்டுக்குள்ளே நிறுத்த இடம் இல்லாதவர்களுக்கு இந்த வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.