எல்லாருக்கும் ஒரே விடுமுறையா, அவரவர் பண்டிகைக்கா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நம்மூர்க்காரர்களோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களும் ஒரே லைனில் தைக்கிறார்கள். யார் பண்டிகைக்கு லீவு என்பதில்தான் 'இது நம்ம இடம்' என்ற எண்ணம் வருவதும் போவதும்.

பொதுப் பட்டியல்: 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தவிர ஐந்து பண்டிகை நாள்களும் சம்பளத்துடன் விடவேண்டும். மொத்தமாக மூடுவதால் லைன் குலையாது, கணக்கும் சுலபம். ஆனால் பொங்கல், ஆயுதபூஜை, தீபாவளியிலேயே அந்த ஐந்தும் கரைந்துவிடும். ஜூன் நடுவில் வரும் ஒடிசாக்காரர்களின் ரஜ பண்டிகைக்கோ, தீபாவளி கழிந்து ஆறாம் நாள் வரும் பீகார், ஜார்க்கண்ட்காரர்களின் சட் பூஜைக்கோ இடமிருக்காது. இப்படி லீவு கிடைக்காமல், சொல்லாமல் ஊருக்குப் போகிறவர்கள் பலர் பழைய கம்பெனிக்குத் திரும்புவதில்லை.

விருப்ப விடுமுறை: சட்டம் சொல்லும் ஒன்பதுக்கு மேல் இரண்டு மூன்று நாள், அவரவர் தேர்வுக்கு. இது பெரும்பாலும் சறுக்குவது அனுமதியில்தான். 'ஷிப்மெண்ட் இருக்கு' என்று சூப்பர்வைசர் கடைசி வாரத்தில் மறுத்தால் திட்டம் வெறும் காகிதம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. அனுமதி அதற்கு முன்பே கையில் இருக்கவேண்டும். பீகார் போய்வரவே நாலைந்து நாள் ஆகும், ஆகவே ஈட்டிய விடுப்பையும் சேர்த்துக் கொடுங்கள். ஓவர்லாக், பேட்லாக் என்ற இரண்டு வகைத் தையல் மெஷினும் ஓட்டத் தெரிந்தவர்கள் லைனுக்கு இருவராவது வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆள் போனாலும் தையல் தேங்கும்.

வெளிமாநிலத்தவர் கணிசமாக உள்ள கம்பெனிக்கு இரண்டாவதே சரி. மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பத்து மெஷின் ஜாப்வொர்க் யூனிட்டுக்குப் பொதுப் பட்டியலே போதும், அதையும் தொழிலாளர்களைக் கேட்டுப் போடுங்கள்.