நூல் கவுண்ட்டுக்கு எது: ஷூவார்ட் சார்ட்டா, கியூசமா?

ஸ்பின்னிங் மில்லில் 40-ஆம் கவுண்ட் (நூலின் பருமனைக் குறிக்கும் எண்; எண் கூடக் கூட நூல் மெலிது) ஓடுகிறது. ராப் ரீலில் (குறித்த நீளத்துக்கு நூலைச் சுற்றி எடுக்கும் கருவி) 120 கஜம் சுற்றி எடை போட்டால் சுமார் 1.62 கிராம் வர வேண்டும். அது நிலையாக இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

1924-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூவார்ட் தந்த சார்ட்டில் ஒவ்வொரு அளவையும் ஒரு புள்ளியாக வைப்போம்; சராசரிக்கு இருபுறமும் 3 சிக்மாவில் (சிக்மா என்பது அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) கோடு. புள்ளி தாண்டினால் காரணம் தேட வேண்டும். டிராஃப்ட் பினியனை (நூல் எவ்வளவு மெலிதாக இழுக்கப்படும் என்பதை முடிவு செய்யும் பல்சக்கரம்) மாற்றிப் போட்டது போன்ற பெரிய தவறு உடனே சிக்கிவிடும். கோட்டை மட்டும் மெஷினின் தரவிலிருந்து கணக்கிடுங்கள். வாடிக்கையாளர் கேட்ட வரம்பைக் கோடாகப் போடவே கூடாது.

சரி, சராசரி 1 சிக்மா மட்டும் நகர்ந்தால்? ஷூவார்ட் சார்ட் அதைப் பிடிக்கச் சராசரியாக 44 புள்ளிகள் ஆகும். அதற்குள் எத்தனை கோன் நூல் வெளியே போயிருக்கும்! 1954-இல் புள்ளியியலாளர் பேஜ் முன்வைத்த கியூசம் (திரள் கூட்டு சார்ட்), இலக்கிலிருந்து வரும் விலகல்களைக் கூட்டிக்கொண்டே போகும். வழக்கமான அமைப்பில் சுமார் 10 புள்ளிகளில் காட்டிக்கொடுத்துவிடும். நகர்வு எங்கே தொடங்கியது என்பதும் ஓரளவு தெரியும்.

ஷிஃப்ட் ஆள் கையால் புள்ளி வைக்கும் இடத்தில் ஷூவார்ட் போதும். கணினி இருந்தால் இரண்டையும் சேர்த்தே ஓட்டுவேன்.