150 பிஎஸ்ஐ என்று போட்டிருந்ததை நம்பி வாங்கிய கம்ப்ரஸர்

முதலில் வாங்கியது ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த 12 வோல்ட் டயர் இன்ஃப்ளேட்டர், அதாவது டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸர். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 150 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) என்று இருந்ததைப் பார்த்து மயங்கிவிட்டேன். என் சின்ன காருக்கு வேண்டியதே 33 தான், 150-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்று அப்போது தோன்றவில்லை. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளும் என்பதைத்தான் பார்த்திருக்க வேண்டும், அது பெட்டியில் எங்குமே இல்லை. ஒரு டயரை 20-லிருந்து 33-க்கு ஏற்றப் பத்து நிமிடம் ஆனது, இரண்டாவது டயரில் மெஷின் தோசைக்கல் மாதிரி சுட்டது, மூன்றாவதில் காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட் ஃபியூஸே போய்விட்டது. பல கார்களில் அந்த ஃபியூஸ் 15 ஆம்பியர்தான், அதாவது சுமார் 180 வாட். அதற்கு மேல் இழுக்கிற மெஷின் என்றால் நேரடியாக பேட்டரியில் மாட்டும் கிளிப் வேண்டும்.

அடுத்ததை நிதானமாகப் பார்த்து வாங்கினேன். மெட்டல் சிலிண்டர், நிமிடத்துக்கு 35 லிட்டர், செட் பண்ணிய அளவு வந்ததும் தானே நிற்கும். இப்போது ஒரு டயருக்கு மூன்று நிமிடம்தான். இன்ஜினை ஓடவிட்டு அடிக்கிறேன், பேட்டரி இறங்காது. காலையில் வண்டி எடுப்பதற்கு முன் அடிப்பது நல்லது, ஓடிவந்த சூட்டில் மீட்டர் கூடுதலாகக் காட்டும். டயருக்கு மட்டும்தான் வேண்டும் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் நிறுத்தவில்லை. கேட்டுக்கு பெயின்ட் அடிக்க, ஏசி ஃபில்டர் தூசி ஊத என்று 1 ஹெச்பி, 24 லிட்டர் டேங்க் வைத்த, ஆயில் ஊற்றத் தேவையில்லாத ஆயில்-ஃப்ரீ கம்ப்ரஸர் ஒன்றும் வீட்டுக்கு வந்தது. தூசி ஊதுவதற்கு அருமை, பஞ்சர் கடைக்காரரே பொறாமைப்படுவார். பெயின்ட்டில்தான் வழுக்கியது: ஸ்ப்ரே கன்னை ஒரு நிமிடம் அழுத்தினால் டேங்க் இறங்கிவிடும், அப்புறம் மோட்டார் நிரப்பும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கடைக்காரர் காட்டிய சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) எண் பிஸ்டன் இழுக்கிற காற்றின் கணக்காம், குழாய் வழியாக வெளியே வருவது அதைவிடக் குறைவு. 'ஃப்ரீ ஏர் டெலிவரி, அதாவது நிஜமாக வெளியே வரும் காற்று எவ்வளவு?' என்று கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். கேட் பெயின்ட் வேலை என்னவோ முடிந்தது, ஒரு நாள் வேலை இரண்டரை நாள் ஆனது.

சத்தமும் கொஞ்சநஞ்சம் இல்லை, ஆயில்-ஃப்ரீ மெஷின்களில் பலவும் இப்படி இரைச்சல்தான். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் மதியத் தூக்க நேரத்தில் போட்டுவிடாதீர்கள். வேலை முடிந்ததும் அழுத்தத்தை இறக்கிவிட்டு டேங்கின் அடியில் இருக்கிற வால்வைத் திறந்து, காற்றின் ஈரம் உள்ளே சேர்ந்து தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். நான் ஒரு மழைக்காலம் முழுக்க மறந்துவிட்டுத் திறந்தேன், டீ கலரில் துருத் தண்ணீர் வந்தது.